கூரையின் ஆயுள்

அகதி என்பது வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட சொல். கதி அற்றவர் அகதி. கதி என்றால் செல்லும் வழி. புகல் என்றும் பொருள்படும். போவதற்கு வழியும் இல்லை, புகுவதற்கு இடமும் இல்லை என்னும் இரண்டு இன்மைகளையும் அந்தச் சிறு சொல் சுமந்து நிற்கிறது. அத்தகைய ஒருவர் எல்லையைக் கடந்து வந்ததும் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்துக் கேட்பது தலைக்கு மேல் ஒரு நிழல். தண்ணீர் கொடுப்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை எழுவதில்லை. நிழல் கொடுப்பதில்தான் எழுகிறது. எத்தகைய கூரை? எதனால் ஆனது? எத்தனை காலம் நிற்க வேண்டியது? இவற்றுள் கடைசிக் கேள்வியே மற்ற இரண்டுக்கும் விடையைத் தீர்மானித்துவிடுகிறது. அதைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவைத் தரும். 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிரியா நாட்டின் தென்கோடியிலுள்ள தரா என்னும் நகரில் கிளர்ச்சி மூண்டது. சில மாதங்களில் அது உள்நாட்டுப் போராக வளர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எல்லையைக் கடந்து துருக்கி, லெபனான், ஜோர்டான், இராக் முதலிய அண்டை நாடுகளை அடைந்தனர். இவற்றுள் ஜோர்டானும் லெபனானும் சிறிய நாடுகள். தண்ணீருக்கே தவிக்கும் நாடு ஜோர்டான். லெபனானோ நமது மாநிலத்தின் பெரிய மாவட்டங்கள் ஒன்றிரண்டின் பரப்பே உடையது. வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதில் இவ்விரு நாடுகளும் வெவ்வேறு வழியில் சென்றன. ஜோர்டான் முகாம்களைத் திறந்தது. லெபனான், சிரியா மக்களுக்கென்று முகாம் திறக்கவே மறுத்துவிட்டது.

ஜோர்டானின் வடபகுதியில், மஃப்ரக் நகரை அடுத்த வறண்ட வெளியில், எல்லையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில், 2012 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் ஜாதாரி முகாம் திறக்கப்பட்டது. தரா நகரத்தாரும் அதனைச் சூழ்ந்த ஊர்களின் மக்களுமே அங்கே மிகுதியாக வந்து சேர்ந்தனர். ஓராண்டுக்குள் மக்கள் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. முகாமின் பரப்போ ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

முதலில் கிடைத்தவை கூடாரங்கள். கூடாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. லாரியில் ஏற்றி வரலாம். நாலு பேர் சேர்ந்தால் சிறிது நேரத்தில் நாட்டிவிடலாம். அவசரத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் துணி துணிதானே! வெயிலில் நைந்துபோகும், காற்றில் கிழியும், மழையில் ஊறும். பாலைவெளியில் மழை ஏது என்று கேட்கலாம். 2013 ஆம் ஆண்டு ஜனவரியில் பெய்த பெருமழை ஜாதாரியில் நூற்றுக்கணக்கான கூடாரங்களைச் சேற்றில் சாய்த்துவிட்டது. குளிர்காலத்தில் அங்கே இரவுகள் உறைநிலையைத் தொடுபவை. ஈரத் துணியின் கீழ்க் கைக்குழந்தையோடு அமர்ந்திருப்பது எத்தகையது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நிவாரணப் பணியாளர் உலகெங்கும் பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. அதனை ஸ்ஃபியர் நெறிமுறை என்பர். ஒருவருக்குக் கூரையின் கீழ்க் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று அது வகுத்துள்ளது. நமது கணக்கில் அது 38 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு அதைச் சுற்றி நடப்பதற்குரிய இடம். குளிர் மிகுந்த நாடுகளிலும், உள்ளேயே சமைக்க நேரும் இடங்களிலும் இதற்கு மேல் வேண்டும் என்றும் அந்நெறிமுறையே சொல்கிறது. அளவுகோல் இருப்பது நல்லது. அது இல்லாவிட்டால் இதுவும் கிடைக்காது. ஆயினும் மனிதன் சதுர மீட்டரில் வாழ்வதில்லை என்பதை ஜாதாரி மக்கள் விரைவிலேயே காட்டினர்.

கூடாரங்களுக்குப் பதிலாக, இரும்புச் சட்டத்தில் தகடு பொருத்திச் செய்த ஒற்றை அறை வீடுகள் வரத் தொடங்கின. அங்குள்ளோர் அவற்றைக் கேரவன் என்று அழைத்தனர். வளைகுடா நாடுகள் பல அவற்றை நன்கொடையாக வழங்கின. காலப்போக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கேரவன்கள் வந்து சேர்ந்தன. பொறியாளர்கள் அவற்றைப் படைவீடு போல வரிசை வரிசையாக வைத்தனர். மக்கள் அந்த வரிசையை ஏற்கவில்லை. வேலிக்கென நட்டிருந்த இரும்புக் கம்பங்களைப் பிடுங்கி, சக்கரம் பூட்டி, வண்டி செய்தனர். அவ்வண்டியில் கேரவனை ஏற்றி உறவினர் இருக்கும் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போயினர். அண்ணன் வீட்டுக்கு எதிரே தம்பி வீடு, பக்கத்தில் தாயார் வீடு. மூன்றுக்கும் நடுவே ஒரு முற்றம். அம்முற்றத்துக்குத் தார்ப்பாயால் ஒரு மறைப்பு. சிலர் அதில் சிறு நீரூற்றுக்கூட அமைத்தனர். தண்ணீர் பஞ்சமுள்ள இடத்தில் ஊற்று எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். தராவின் வீடுகளில் முற்றம் இருந்தது. ஆகவே இங்கும் வேண்டியிருந்தது. இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

சமையலுக்கும் குளியலுக்கும் பொதுக்கூடங்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் கதியும் அவ்வாறே ஆயிற்று. அந்நியர் பலர் நடுவே நின்று சமைக்கவும், இரவில் இருட்டில் நெடுந்தூரம் நடந்து கழிப்பறைக்குச் செல்லவும் பெண்கள் விரும்பவில்லை. ஆடவர் பொதுக்கூடத்தின் குழாய்களையும் கற்களையும் பெயர்த்துக் கொணர்ந்து தம் வாசலிலேயே ஒரு சிறு சமையலறையும் கழிப்பறையும் அமைத்தனர். தொடக்கத்தில் அதிகாரிகள் இதைத் திருட்டு என்றே எழுதி வைத்தனர். 2013 இல் முகாமின் பொறுப்பேற்ற கிலியன் க்ளைன்ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் அவ்வாறு கருதவில்லை. இங்கே ஒரு நகரம் உருவாகிறது, அதை நகரமாகவே நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. முகாமின் நடுவே நீண்ட கடைத்தெரு ஒன்று தானாகவே எழுந்தது. பாரிஸ் மாநகரின் புகழ்பெற்ற வீதியின் பெயரையே அதற்குச் சூட்டினர். அந்தப் பெயரில் ‘ஷாம்’ என்று ஒலிக்கும் பகுதி அரபு மொழியில் டமாஸ்கஸைக் குறிக்கும். நாட்டை இழந்தவர்க்கும் சிலேடை மறப்பதில்லை!

ஜாதாரியின் குழப்பத்தைக் கண்டு அஞ்சிய திட்டக்காரர்கள் அடுத்த முகாமை முறையாக அமைக்க எண்ணினர். அதுவே அஸ்ரக் முகாம். 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் திறக்கப்பட்டது. துணிக்கூடாரம் ஒன்றும் இல்லை. இரும்புத் தகட்டாலான வெள்ளைக் குடில்கள், ஒவ்வொன்றும் 24 சதுர மீட்டர், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்று. அளவுகோலின்படி பார்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். குறை சொல்ல இடமில்லை. இடைவெளிகள் நேர்கோட்டில் இருந்தன. குடில்களை இடம் மாற்ற அனுமதியில்லை. முதல் மூன்றாண்டுகள் வீடுகளுக்கு மின்சாரமும் இல்லை. பாலையின் கோடையில், விசிறியும் இன்றித் தகட்டின் கீழ் மக்கள் இருந்தனர். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு என்று திட்டமிடப்பட்ட அம்முகாம் பாதிகூட நிரம்பவில்லை. ஒழுங்கற்ற ஜாதாரியை மக்கள் விரும்பினர். ஒழுங்கான அஸ்ரக்கை விட்டு வெளியேற வழி தேடினர். கூரை நன்றாக இருந்தும் ஏன் இப்படி? வீட்டைத் தன் விருப்பம்போல் சற்றே மாற்றியமைக்கும் உரிமை அங்கே இல்லை என்பதே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன்.

முகாம் என்றவுடன் அகதிகள் எல்லோரும் முகாமில்தான் இருப்பர் என்று நினைத்துவிடுகிறோம். அது சரியன்று. ஜோர்டானில் பதிவு செய்துகொண்ட சிரியா மக்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் முகாமுக்கு வெளியே, அம்மான், இர்பித், மஃப்ரக் முதலிய நகரங்களில் வாடகைக்குக் குடியிருந்தனர். புகைப்படக்காரர் முகாமுக்குப் போகின்றனர். அகதியோ நகரத்துச் சந்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஓர் அறையில் இரண்டு குடும்பங்கள்; சுவரில் ஈரம்; ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். அதற்கும் மாதந்தோறும் வாடகை.

இங்கேதான் ஊர்க்காரரின் துன்பமும் தொடங்குகிறது. அதை நாம் மறைக்கலாகாது. சிறிய நகரில் திடீரெனப் பதினாயிரக்கணக்கானோர் வீடு தேடினால் வாடகை என்னவாகும்? மஃப்ரக்கிலும் இர்பித்திலும் வாடகை பன்மடங்கு ஏறிற்று. மணம் முடித்துத் தனிக்குடித்தனம் போக வேண்டிய ஜோர்டான் இளைஞனுக்கு வீடு கிடைக்கவில்லை. குடிநீர் வாரத்துக்கு ஒரு முறை வந்த தெருவில் இன்னும் குறைந்தது. பள்ளிக்கூடங்கள் காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை என இருமுறை நடந்தன. முதலில் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து உபசரித்தவர்கள் இதே ஊர்க்காரர்கள். அவர்கள் மனம் கசந்தது என்றால் அதற்கு அவர்களுடைய குணத்தைக் குறை கூறிப் பயனில்லை. விருந்து மூன்று நாள் என்று ஏற்பட்டிருக்கும்போது மூன்று ஆண்டு ஆகிவிட்டால் சமையலறையே அல்லவா பேசத் தொடங்கும்?

உதவி நிறுவனங்கள் முதலில் செய்தது, அகதிக் குடும்பங்களுக்கு வாடகைப் பணம் கொடுத்தது. பசித்தவனுக்குப் பணம் கொடுப்பது நன்று. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை பெருகாமல் வாடகைப் பணம் மட்டும் பெருகினால் அப்பணம் வாடகையை மேலும் ஏற்றிவிடும். ஆகவே வேறொரு வழி கண்டனர். நமது ஊர்களில் வீடு கட்டுபவர் ஒரு மாடியை முடித்துவிட்டு, மகன் சம்பாதித்ததும் மேலே எழுப்பலாம் என்று தூண்களிலிருந்து கம்பியை வானத்தை நோக்கி நீட்டிவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஜோர்டானிலும் அப்படியே. இர்பித் நகரில் முடிக்கப்படாத மாடிகள் ஆயிரக்கணக்கில் நின்றன. தளம் இருக்கும், சுவர் இருக்காது. சுவர் இருந்தால் கதவும் குழாயும் இருக்கா. நார்வே அகதிகள் கவுன்சில் என்னும் அமைப்பு 2013 முதல் அத்தகைய வீட்டுக்காரர்களிடம் ஓர் ஒப்பந்தம் செய்தது. “உங்கள் மாடியை முடிப்பதற்கு நாங்கள் பணம் தருகிறோம். அதற்கு ஈடாக ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை இக்குடும்பத்தை வாடகையின்றி வைத்திருங்கள்” என்பதே அதன் சாரம். பணம் தவணை முறையில் வந்தது. சுவர் எழுந்த பிறகு ஒரு பகுதி, கதவும் குழாயும் பொருத்திய பிறகு மற்றொரு பகுதி.

இதன் அழகைக் கவனியுங்கள். கொத்தனும் தச்சனும் அதே ஊர். கம்பியும் சிமெண்டும் அதே ஊர்க் கடை. காலக்கெடு முடிந்த பின் மாடி வீட்டுக்காரருக்கே சொந்தம். ஊரில் ஒரு வீடு கூடியிருக்கிறது. வந்தவரால் எமக்கு நட்டம் என்றவர், வந்தவரால் மாடி எழுந்தது என்று சொல்ல முடிந்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்ததால் குடியிருப்பவரை நடுவில் வெளியேற்றவும் எளிதில் இயலாது. எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தம் இல்லாமையால், அந்நாட்டில் அகதிகள் பட்ட பாடு கொஞ்சமன்று. அரசாங்கத்தின் அடையாள அட்டை பெறுவதற்குக்கூட வசிப்பிடச் சான்று தேவைப்பட்டது. குறையும் உண்டு. பதினெட்டு மாதம் கழிந்தபின் என்ன? மறுபடியும் வாடகை, வருமானமோ பழையபடி. பலர் மீண்டும் மூட்டை கட்டினர். என்றாலும், ஓர் ஆண்டு முழுவதும் அடுத்த மாத வாடகையை எண்ணாமல் உறங்கிய குடும்பத்துக்கு அந்த ஓர் ஆண்டு சிறிதன்று. பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஓராண்டு படித்தனர்.

இனி லெபனானுக்கு வருவோம். 2014 ஏப்ரலில் அங்கே பதிவு செய்துகொண்ட சிரியா அகதிகள் பத்து இலட்சத்தைத் தாண்டினர். நாட்டு மக்களோ நாற்பது இலட்சத்துக்குச் சற்று மேல். நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்தாமவர் ஒருவர் வந்து அமர்ந்தது போலாம். ஆயினும் முகாம் திறப்பதில்லை என்று அவ்வரசு உறுதியாக நின்றது. அதற்குக் காரணம் பழைய நினைவு. 1948 இல் பாலஸ்தீன மக்கள் சில மாதங்களுக்கென்று வந்தனர், கூடாரங்களில் தங்கினர். மாதங்கள் பல பத்தாண்டுகளாயின. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அம்முகாம்களும் போர்க்களமாயின. ஜோர்டானிலும் 1967 போருக்குப் பின் 1968 இல் கூடாரங்களாகத் தொடங்கிய பக்கா முகாம் இன்று சிமெண்டு வீடுகள் நெருங்கிய ஊராக நிற்கிறது. துணி சிமெண்டாக மாறினால் விருந்தினர் குடிமக்களாகிவிடுவர் என்னும் அச்சம் அந்நாடுகளின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்துள்ளது. தொலைவில் அமர்ந்து அதனை நாம் எளிதில் இகழ்ந்துவிடலாம். ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

முகாம் இல்லாத நாட்டில் அகதிகள் தாமே இடம் தேடினர். பெக்கா பள்ளத்தாக்கில் உழவரிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்து, மரச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளும் பழைய விளம்பரப் பலகைத் துணியும் விரித்துக் குடில்கள் போட்டனர். அந்தத் துண்டு நிலத்துக்கு வாடகையாகச் சிலர் பணம் கொடுத்தனர். சிலர் நிலக்காரரின் வயலில் கூலியின்றி உழைத்தனர். 2019 ஜனவரியில் வீசிய புயலில் அக்குடில்கள் பல வெள்ளத்தில் மூழ்கின.

வடகிழக்கு மலைப்பகுதியில் அர்சால் என்னும் எல்லை ஊர் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். ஆதலால் அகதிகள் பலர் சிமெண்டுக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தனர். கூரை மட்டும் தகடும் பிளாஸ்டிக்கும். 2019 ஏப்ரலில் லெபனானின் உயர் பாதுகாப்பு மன்றம் ஒரு முடிவெடுத்தது. மரமும் பிளாஸ்டிக் தாளும் தவிர வேறு பொருளால் அகதிகள் கட்டியவை அகற்றப்பட வேண்டும். கற்சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் இருத்தலாகாது. அர்சாலில் மட்டும் ஆயிரக்கணக்கான குடில்கள் இந்த ஆணைக்கு உட்பட்டன. ஜூன் 10 என்று முதலில் வைத்த கெடு ஜூலை 1 வரை நீட்டிக்கப்பட்டது. இராணுவம் வந்தால் முழுவதையும் தரைமட்டமாக்கிவிடும் என்று அஞ்சிய குடும்பத் தலைவர்கள் தாமே சம்மட்டி எடுத்துத் தம் சுவரை இடித்தனர். ஐந்து வரிசைக் கல்லை விட்டுவிட்டு மேலுள்ளதைத் தட்டினர். தட்டிய இடத்தில் மரச்சட்டம் அடித்துப் பிளாஸ்டிக் தாள் கட்டினர். ஜூலை முதல் நாள் இராணுவம் வந்து எஞ்சிய சிலவற்றை இடித்தது.

நேயர்களே, ஒரு மீட்டர் சுவருக்கும் இரண்டு மீட்டர் சுவருக்கும் பொறியியல் வேற்றுமை என்ன? கல் அதே கல். சாந்து அதே சாந்து. ஒரு மீட்டர் உயரத்தில் அது தற்காலிகம். அதற்கு மேல் அது நிரந்தரம் என்று ஓர் அரசு வகுத்துவிட்டது. அகதியின் கூரையைத் தீர்மானிப்பது வானிலையும் அன்று, பணமும் அன்று. நீ எத்தனை நாள் இருப்பாய் என்னும் கேள்வியே என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. வியப்பு என்னவென்றால், ஒரு மீட்டர் சுவரால் எவரும் நாடு திரும்பிவிடவில்லை. அப்போது அங்கே போர் நின்றிருக்கவில்லை, எங்கே போவார்கள்? கந்தைக் கூரையை ஒவ்வோராண்டும் புதுப்பித்ததில் செலவழிந்த பணத்தைக் கொண்டு ஊர்க்காரருக்கும் பயன்படும் எத்தனையோ மாடிகளை முடித்திருக்கலாம்.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் இலட்சக்கணக்கான மக்கள் தம் நாட்டுக்குத் திரும்பியுள்ளனர். ஆக, அவர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடவே வந்தனர் என்ற அச்சம் திரும்பியவர்களைப் பொறுத்தவரை பொய்த்தது. வீடு நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து எவரும் புறப்படவில்லை. நாட்டின் வாயில் திறந்தது, புறப்பட்டனர்.

ஆனால் எல்லோரும் புறப்பட்டுவிடவில்லை. தராவிலும் ஹோம்ஸிலும் பல வீடுகளில் சுவர் மட்டும் நிற்கிறது. கதவு, ஜன்னல், மின்கம்பி, குழாய் எல்லாவற்றையும் கொள்ளையர் பெயர்த்துச் சென்றுவிட்டனர். ஜாதாரியிலோ, ஏழெட்டு ஆண்டு உழைக்கும் என்று செய்யப்பட்ட கேரவன்கள் அக்காலத்தைக் கடந்து, துருப்பிடித்து, ஒழுகிக்கொண்டு நிற்கின்றன. நிவாரண நிதியும் சுருங்கிவருகிறது. முகாம் திறந்த ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகள் பத்து வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் தரா நகரைக் கண்டதில்லை. ஆகவே வீட்டு ஆடவர் ஒருவர் முன்னே சென்று பார்த்து வருவதும், ஓர் அறைக்காவது கூரை போட்ட பிறகு மற்றவர்களை அழைத்துக்கொள்வதும் பல குடும்பங்களில் வழக்கமாகியிருக்கிறது. அதுவரை மற்றவர்கள் தாம் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திய கேரவனில், தாம் அமைத்த முற்றத்தில் காத்திருக்கின்றனர்.